எமது கணனியும் இரண்டாவது வன்தட்டும்

(சங்க மண்டபத்தில் நடைபெற்ற மாதாந்தக் கூட்டத்திலே நிகழ்த்திய பேச்சு)



இம் மண்டபத்திலே வழக்கமாகப் பேசப்படும் விஷயங்கள் வேறு. திருமுறையின் பெருமையை இங்கே கேட்டிருக்கின்றோம். சித்தாந்தத்தின் நுட்பங்களைக் கேட்டிருக்கின்றோம். நாவலர் பெருமானின் பணிகளை ஆண்டுதோறும் நினைவுகூர்ந்து வருகின்றோம். அத்தகைய மேடையில் நின்று, கணனிக்குள்ளே பூட்டப்படும் ஒரு சிறு பெட்டியைப் பற்றிப் பேச முன்வந்தமைக்குப் பெரியோர்கள் எம்மைப் பொறுத்தருள வேண்டும். இவ் விஷயத்தை நாமாகத் தேடிக்கொண்டோமல்லோம். சங்கத்துக்கு நேர்ந்த ஒரு நட்டமே இதனை எம் தலையிற் சுமத்தியது. நட்டத்தை மறைப்பதிலும், அதிலிருந்து கற்றதை மற்றவர்க்கும் சொல்லி வைப்பது பிரயோசனம் என்று கருதியே இங்கு நிற்கின்றோம்.

நேர்ந்தது யாது?

சங்கத்தின் அலுவலக அறையிலே மேசைக் கணனி ஒன்று இருப்பதை யாவரும் அறிவீர்கள். அது புதிதன்று. ஓர் அலுவலகத்தார் சில ஆண்டுகள் பாவித்துக் கழித்ததை, அங்கத்தவர்களின் சந்தாப் பணத்திலே குறைந்த விலைக்கு வாங்கினோம். கணக்கு எழுதுவதற்கும், விழா அழைப்பிதழ் அச்சிடுவதற்கும், ஆண்டு மலரைத் தொகுப்பதற்கும் அதுவே துணை. அதனுள்ளே 500 கிகாபைட் கொள்ளளவுடைய வன்தட்டு ஒன்றே இருந்தது. ஹார்ட் டிஸ்க் என்று கடைகளிலே சொல்வதும் இதனையே.

மூன்று ஆண்டுகளுக்கு முன், எமது ஊர்க் கோயிலிலே ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தேவாரம் ஓதிவந்த பெரியார் ஒருவரை இம் மண்டபத்துக்கு அழைத்து, ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் ஓதக் கேட்டு ஒலிப்பதிவு செய்தோம். தம் ஆசிரியரிடம் கேட்ட பண்ணிலே, கேட்டபடியே அவர் ஓதினார். மொத்தம் ஒன்பது மணி நேரப் பதிவு. அதனைக் கணனியில் இட்டுவிட்டு, இனி என்றும் அழியாது என்ற மனநிறைவோடு வீடு சென்றோம்.

சென்ற ஆண்டு அப் பெரியார் சிவபதமடைந்தார். அந்தியேட்டித் தினத்தன்று தந்தையாரின் குரலை ஒரு முறை கேட்க வேண்டும் என்று அவருடைய மகளார் வந்து கேட்டார். கணனியை இயக்கினோம். 'டிக், டிக்' என்ற ஓசையன்றி வேறெதுவும் வரவில்லை. திருத்துநரிடம் கொண்டு சென்றபோது, தட்டின் மேற்பரப்பே உராய்ந்து கெட்டுவிட்டது. மீட்க இயலாது என்று கூறிவிட்டார். ஒரு சகோதரி தம் கைப்பேசியிற் பதிந்து வைத்திருந்த நான்கு பதிகங்கள் மாத்திரமே எஞ்சின. ஒன்பது மணி நேரத்தில் எஞ்சியது இருபத்தாறு நிமிடம். அந்த இருபத்தாறு நிமிடத்தைக் கேட்டு அவ்வம்மையார் அழுதார். எம்மை ஒரு வார்த்தையும் குறை கூறவில்லை. குறை கூறியிருப்பின் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றே இரண்டாவது வன்தட்டு ஒன்று வாங்குவதென்று தீர்மானித்தோம். இறந்த தட்டுக்குப் பதிலாக, அங்கத்தவர் ஒருவர் தம்மிடமிருந்த 240 கிகாபைட் எஸ்.எஸ்.டி. ஒன்றைத் தந்துதவினார். கணனி மீண்டும் இயங்கியது. இனி வாங்க வேண்டியது, சங்கத்தின் செல்வங்களைச் சேமிக்கும் இரண்டாவது தட்டு.

ஆழமறியாமற் காலை விட்டமை

துக்கத்தோடும் அவசரத்தோடும் கடைக்குச் சென்றோம். விலை குறைவாயும் வேகம் மிகுந்ததாயும் உள்ளதைத் தரும்படி கேட்டோம். கடைக்காரர், சூயிங்கம் பட்டி போன்ற மெல்லிய தகடு ஒன்றைத் தந்தார். 'என்.வி.எம்.இ.' வகை என்றார். மகிழ்ந்து வாங்கி வந்து பெட்டியைத் திறந்தோம். தாய்ப்பலகையிலே அதைப் போன்ற ஒரு சிறு வாய் இருக்கவே செய்தது. ஆயினும் தகடு உள்ளே செல்லவில்லை. அவ் வாய் வை-பை அட்டைக்கென அமைக்கப்பட்டது என்பதைப் பின்னரே அறிந்தோம். உறையைப் பிரித்துவிட்டதால் கடையிலே திருப்பி ஏற்றுக்கொள்ளவுமில்லை. குற்றம் கடைக்காரருடையதன்று. உங்கள் கணனியில் எவ்வகை வாய் உண்டு என்று அவர் கேட்கத்தான் செய்தார். 'எல்லாம் இருக்கும்' என்று விடை கூறியவர்கள் நாமே.

ஆதலின் எமது முதற் புத்திமதி இதுவே. கடைக்குச் செல்லுமுன் கணனியைத் திறந்து பாருங்கள். மின்செருகியைக் கழற்றிய பின்பே திறத்தல் வேண்டும். உள்ளே காண்பதைத் தாளிலே எழுதுங்கள். கைப்பேசியிலே படமும் பிடியுங்கள். வீட்டுக்கு விருந்தாளி வருகின்றார் என்றால், அவர் நுழைய வாசல் உண்டா, தங்க இடம் உண்டா, உண்ண உணவு உண்டா என்று மூன்றையும் பார்க்கின்றோமல்லவா? வன்தட்டுக்கும் அவ்வாறே மூன்றும் பார்த்தல் வேண்டும். நான்காவதாக, வீட்டுக்காரர் அவருடைய கணக்கைப் புரிந்துகொள்வாரா என்பதும் ஒன்று. இவற்றை ஒவ்வொன்றாகக் கூறுவோம்.

முதலாவது: வாசல்

மிகப் பழைய கணனிகளிலே, 40 துளைகள் கொண்ட அகன்ற நாடா வயரினால் வன்தட்டை இணைப்பார்கள். இதற்கு ஐ.டி.ஈ. என்று பெயர். எமது கணனியில் அஃதில்லை. இருப்பின், அக் கணனிக்குப் பணம் செலவிடுவது தக்கதா என்பதையே முதலில் ஆலோசிக்க வேண்டும்.

2003 ஆம் ஆண்டு முதல் வழக்குக்கு வந்தது சாட்டா என்னும் முறை. அதன் தரவு வயர் ஒடுக்கமானது. 7 தொடுகைகள் உடையது. வாய் 'எல்' என்னும் ஆங்கில எழுத்தைப் போல வளைந்திருப்பதால் தலைகீழாகச் செருக முடியாது. ஒரு வயருக்கு ஒரு தட்டு. ஆகவே தாய்ப்பலகையிலே எத்தனை சாட்டா வாய்கள் உண்டு, அவற்றுள் எத்தனை வெறுமையாய் உள்ளன என்று எண்ணுங்கள். பெரும்பாலான மலிவுக் கணனிகளில் இரண்டு முதல் நான்கு வரை இருக்கும்.

சாட்டாவில் மூன்று தலைமுறைகள் உண்டு. நொடிக்கு 1.5, 3, 6 கிகாபிட் என்பன அவற்றின் வேகங்கள். முதலாம் தலைமுறை வாயிலே மூன்றாம் தலைமுறைத் தட்டைச் செருகினால் இயங்காதோ என்று பலர் அஞ்சுவர். பொதுவாக அவ்வச்சம் வேண்டியதில்லை. இரண்டும் கலந்து, குறைந்தவரின் வேகத்துக்கு இசைந்து போகும். சுழலும் வன்தட்டு நொடிக்கு ஏறத்தாழ 150 முதல் 200 மெகாபைட் வரையே தரக்கூடியது. இரண்டாம் தலைமுறை வாய் நொடிக்கு 300 மெகாபைட் வரை கொள்ளும். எனவே சேமிப்புக்கென வாங்கும் சுழல்தட்டுக்குப் பழைய வாயே போதும்.

இனி, எம்மை ஏமாற்றிய அச் சிறு வாயைப் பற்றிக் கூறுவோம். அதன் பெயர் எம்.2. பெயர் ஒன்றாயினும் வகை பல. வை-பை அட்டைக்குரிய வாய் ஒன்று, சாட்டா மொழி மட்டும் பேசும் வாய் ஒன்று, என்.வி.எம்.இ. மொழி மட்டும் பேசும் வாய் ஒன்று. இரண்டும் பேசுவது ஒன்று. தகட்டிலுள்ள வெட்டும் வாயிலுள்ள தடுப்பும் பொருந்தினாற்றான் உள்ளே செல்லும். சில வேளைகளில் உள்ளே சென்றும் மொழி ஒவ்வாமையால் இயங்காது. நீளமும் பார்க்க வேண்டும். 2280 என்று எழுதியிருந்தால், 22 மில்லிமீற்றர் அகலம், 80 மில்லிமீற்றர் நீளம் என்பது பொருள். சில தாய்ப்பலகைகளில் எம்.2 வாயை உபயோகித்தால் சாட்டா வாய்களுள் ஒன்று செயலற்றுப்போகும். இவை யாவும் தாய்ப்பலகையின் கைநூலில் உண்டு. பலகையிலே அச்சிடப்பட்டிருக்கும் மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டால், கைநூலை உற்பத்தியாளரின் இணையத்தளத்திலே பெறலாம். நாம் அதை வாசித்திருப்பின் ஒரு தகட்டின் விலை மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது: இடம்

வன்தட்டுகள் பெரும்பாலும் இரண்டு பருமன்களில் வரும். மேசைக் கணனிக்குரிய 3.5 அங்குலத் தட்டு ஏறத்தாழ 102 மில்லிமீற்றர் அகலமும் 147 மில்லிமீற்றர் நீளமும் உடையது. மடிக்கணனிக்குரிய 2.5 அங்குலத் தட்டு 70 மில்லிமீற்றர் அகலமும் 100 மில்லிமீற்றர் நீளமும் உடையது. தடிப்பு 7, 9.5, 15 மில்லிமீற்றர் என வேறுபடும். சிறியதைப் பெரியதன் இடத்திலே ஒரு தாங்கி கொண்டு பொருத்தலாம். பெரியதைச் சிறியதன் இடத்திலே பொருத்தல் இயலாது. திருகாணிகளும் வேறு வேறு. ஒன்றுக்குரியதை மற்றொன்றில் வலிந்து முறுக்கினால் புரி கெட்டுவிடும்.

எமது கணனியோ அலுவலகங்களுக்கென ஆக்கப்பட்ட ஒடுங்கிய பெட்டி. 3.5 அங்குல இடம் ஒன்றே உண்டு. அதிலே சகோதரர் தந்த எஸ்.எஸ்.டி. அமர்ந்திருந்தது. வேறிடம் இல்லையே என்று சோர்ந்தபோது, இளைய அங்கத்தவர் ஒருவர் ஒரு வழி சொன்னார். அக் கணனியிலே டி.வி.டி. போடும் மெல்லிய இயந்திரம் ஒன்று இருந்தது. அதை எவரும் தொட்டு நெடுங்காலம். அதைக் கழற்றி, அதே பருமனுடைய தாங்கி ஒன்றை அங்கு செலுத்தி, சிறிய எஸ்.எஸ்.டி.யை அதிற் பொருத்தினோம். இத் தாங்கிகள் 9.5, 12.7 மில்லிமீற்றர் என இரு தடிப்புகளில் விற்கப்படுகின்றன. கழற்றியதை அளந்து பார்த்தே வாங்க வேண்டும். எஸ்.எஸ்.டி. இடம் பெயர்ந்ததும், 3.5 அங்குல இடம் வெறுமையாயிற்று. அதிலே பெரிய, விலை மலிந்த, சாதாரணச் சுழல்தட்டு ஒன்றை வைக்க வழி பிறந்தது.

மூன்றாவது: உணவு

வன்தட்டின் உணவு மின்சாரம். சாட்டா மின்செருகி 15 தொடுகைகள் கொண்டது. பவர் சப்ளை எனப்படும் மின்வழங்கியிலிருந்து அவ்வாறான செருகி எத்தனை வருகின்றது என்று பாருங்கள். 3.5 அங்குலத் தட்டுக்கு 12 வோல்ட், 5 வோல்ட் இரண்டும் வேண்டும். 2.5 அங்குலத் தட்டுகளுக்கும் எஸ்.எஸ்.டி.களுக்கும் 5 வோல்ட் போதும். மெல்லிய டி.வி.டி. இயந்திரத்துக்கு வரும் மின்செருகி சிறியது. 5 வோல்ட் மட்டுமே தரும். எஸ்.எஸ்.டி.யை அங்கும் சுழல்தட்டை இங்கும் நாம் வைத்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

சுழல்தட்டு ஓடிக்கொண்டிருக்கையில் 5 முதல் 8 வாற்றளவே உண்ணும். ஆனால் நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் சில நொடிகளில் 20 வாற்றுக்கும் மேலே கேட்கும். நல்ல நிலையிலுள்ள மின்வழங்கிக்கு இது பெரும் பாரமன்று. தூசி படிந்து முதுமையடைந்த மின்வழங்கியாயின் முதலில் அதைக் கவனியுங்கள். செருகி போதாதவிடத்து இடைச்செருகி வாங்குவோர், பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த மலிவு வகையைத் தவிர்த்தல் நன்று. அவ் வகையானவை உள்ளே குறுக்கிணைந்து தீப்பற்றியதுண்டு.

வெளிப்புற வன்தட்டுப் பெட்டிகளை உடைத்து எடுத்த தட்டுகளும் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றுட் சில, பழைய மின்வழங்கியிலே செருகினால் சுழலவே மாட்டா. மூன்றாம் தொடுகையில் 3.3 வோல்ட் வந்தால் 'நின்றுவிடு' என்று பொருள்கொள்ளும்படி அவை அமைந்திருப்பதே காரணம். தட்டு பழுது என்று எண்ணி எறிந்தவர்களும் உண்டு.

நான்காவது: கணக்கு

பழைய முறையான எம்.பி.ஆர். என்னும் பகுப்புமுறை, 512 பைட் கொண்ட துண்டுகளை 32 இரும இலக்கங்களால் எண்ணுகின்றது. பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 2.2 ரெராபைட்டுக்கு மேல் அதனால் எண்ண முடியாது. 4 ரெராபைட் தட்டை வாங்கி, அதிற் பாதியைக் காணவில்லையே என்று மயங்குவோரின் குறை இதுவே. ஜி.பி.ரி. என்னும் புதிய முறையிற் பகுத்தால் இவ் வரம்பு இல்லை. இரண்டாவது தட்டிலிருந்து கணனியை ஆரம்பிக்கப் போவதில்லையாகையால், இன்றைய விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஜி.பி.ரி.யையே தெரிவு செய்யலாம்.

இன்னொரு மயக்கமும் உண்டு. 1 ரெராபைட் என்று வாங்கிய தட்டை விண்டோஸ் 931 கிகாபைட் என்றே காட்டும். எவரும் களவாடவில்லை. தட்டுச் செய்வோர் ஆயிரத்தால் எண்ணுகின்றனர். விண்டோஸ் 1,024 ஆல் எண்ணுகின்றது. அவ்வளவே.

எவ்வளவு பெரிது வேண்டும்?

மலிவு என்று கண்டு மிகப் பெரியதை வாங்குவதும், சிக்கனம் என்று மிகச் சிறியதை வாங்குவதும் இரண்டும் பிழை. கணக்கிட்டு வாங்க வேண்டும். இசைத்தட்டின் தரத்திலே சுருக்காமற் பதிந்த ஒரு மணி நேர ஒலி 635 மெகாபைட் கொள்ளும். முந்நூறு மணி நேரம் பதிந்தாலும் 200 கிகாபைட்டுக்குள் அடங்கும். ஏ4 அளவுத் தாள் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளியாக வண்ணத்தில் வருடினால், சுருக்காத நிலையில் 26 மெகாபைட். நூறு பக்க மலர் ஒன்றுக்கு 2.6 கிகாபைட், அறுபது மலர்களுக்கு ஏறத்தாழ 157 கிகாபைட். படங்களையும் கணக்குகளையும் சேர்த்து 400 கிகாபைட் என்று கொண்டோம். வளர்ச்சிக்கு இடம் விட்டு, 1 ரெராபைட் போதும் என முடிவு செய்தோம்.

இக் கணக்கைப் போட்டபோது ஒன்று எம் நெஞ்சைச் சுட்டது. அப் பெரியாரின் ஒன்பது மணி நேரமும் 6 கிகாபைட்டுக்குள் அடங்கியிருக்கும். மேசை இழுப்பறையிலே கிடந்த 8 கிகாபைட் பென் டிரைவ் ஒன்றே அதனைக் காப்பாற்றியிருக்கும். எமக்கு இல்லாதிருந்தது பணமன்று, சிரத்தையே.

உலகின் முதலாவது வன்தட்டை ஐ.பி.எம். நிறுவனம் 1956 ஆம் ஆண்டிலே வெளியிட்டது. இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகள். ஒரு தொன்னுக்கு மேற்பட்ட நிறை. கொண்டதோ ஐம்பது இலட்சம் எழுத்துக்கள். ஒரு மணி நேரத் தேவாரத்தை வைக்க அத்தகைய இயந்திரம் நூற்றைம்பதுக்கும் மேல் வேண்டியிருக்கும். இன்று உள்ளங்கையில் அடங்கும் பெட்டியில் ஆயிரத்தைந்நூறு மணி நேரம் வைக்கலாம். இவ்வளவு வசதி பெற்றும் நாம் காப்பாற்றவில்லையென்றால், அது எவர் குறை?

சுழல்வதா, சுழலாததா?

சுழல்தட்டிலே நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை தட்டு சுழலும். எழுதும் முனை தட்டைத் தொடாமல், தலைமயிரின் தடிப்பிலும் ஆயிரக்கணக்கான மடங்கு நுண்ணிய இடைவெளியில் மிதக்கும். அதிர்ச்சியோ தூசியோ அதற்கு யமன். எஸ்.எஸ்.டி.யிலே அசையும் உறுப்பு எதுவுமில்லை. நொடிக்கு 500 மெகாபைட் வரை சாட்டா வழியே தரும். ஆனால் அதே அளவுக்கு விலை அதிகம். மின்னின்றி நெடுங்காலம் அலுமாரியில் வைப்பதற்கும் அஃது உகந்ததன்று. ஆகவே கணனியை இயக்கும் முதலாவது தட்டு எஸ்.எஸ்.டி.யாகவும், சேமிக்கும் இரண்டாவது தட்டு சுழல்வதாகவும் இருப்பது மலிவுக் கணனிக்குத் தக்க பொருத்தம்.

சுழல்தட்டிலும் இரு வகை. தடங்களைப் பக்கம் பக்கமாக எழுதுவது சி.எம்.ஆர்.; கூரையோடு போல ஒன்றன்மேல் ஒன்று சற்றே படிய எழுதுவது எஸ்.எம்.ஆர். பின்னையது மலிவு. ஒரு முறை எழுதி வைத்துப் பலமுறை வாசிப்பதற்கு அது போதும். அடிக்கடி அழித்தெழுதினால் மிகவும் மந்தமாகும். இரண்டுக்கும் விலை வேற்றுமை சிறிதாயின் முன்னையதையே வாங்குக.

பாவித்த தட்டு வாங்குவோர் விற்பவரின் முன்னிலையிலேயே அதனைக் கணனியிற் செருகி, கிறிஸ்டல் டிஸ்க் இன்போ போன்ற இலவச மென்பொருளாற் சோதிக்க வேண்டும். தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் குறிப்பேடு ஒன்று உண்டு. அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். ஓடிய மணி எவ்வளவு? ஆண்டொன்றுக்கு 8,760 மணி என்று கொண்டு வகுத்துப் பாருங்கள். மாற்றி ஒதுக்கப்பட்ட துண்டுகள், ஐயத்துக்கிடமான துண்டுகள் என்னும் இரு வரிகளிலும் பூச்சியம் இருத்தல் வேண்டும். இல்லையேல் இனாமாகத் தந்தாலும் வாங்க வேண்டாம். சங்கத்தின் செல்வத்தை நோயாளியின் கையிலே கொடுக்கலாகாது.

பொருத்திய பின்

புதிய தட்டைப் பொருத்தியதும் விண்டோஸ் அதனை உடனே காட்டாது. டிஸ்க் மனேஜ்மன்ட் என்னும் பகுதிக்குச் சென்று, அதனை ஆரம்பித்து, பகுத்து, அமைக்க வேண்டும். அச் சமயத்திலே பழைய தட்டைத் தவறுதலாகத் தெரிவு செய்துவிட்டால் உள்ளதும் போய்விடும். கொள்ளளவைப் பார்த்து, இருவர் சேர்ந்திருந்து, வாய்விட்டுச் சொல்லிச் செய்யுங்கள். எமது சங்கத்திலே இதனை ஒரு விதியாகவே வைத்துள்ளோம்.

இனி, இப் பேச்சின் முக்கியமான இடத்துக்கு வருகின்றோம். இரண்டாவது வன்தட்டு இருக்கின்றது என்பதாற் காவல் வந்துவிடாது. முதலாவதில் இல்லாததை இரண்டாவதில் வைத்தால், அது இன்னும் ஒரே பிரதிதான். இரண்டிலும் ஒன்றே இருந்தாற்றான் இரு பிரதி. அப்போதும் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. ஒரு மின்னல், ஒரு வெள்ளம், ஒரு திருடன், ஒரு வைரஸ் போதும், இரண்டும் ஒருங்கே போவதற்கு. 2022 ஆம் ஆண்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்தோமல்லோம். 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆம் திகதி, பாணந்துறையிலுள்ள உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் இருண்டது என்று அமைச்சரே கூறினார். அனுமாரின் இனத்தார் இலங்கையை இன்னும் மறக்கவில்லை போலும்! எழுதிக்கொண்டிருக்கையில் மின் நின்றால் கோப்புகள் சிதையும். இயன்றால் யூ.பி.எஸ். ஒன்று வையுங்கள், இடி முழங்கும் நாளில் செருகியைக் கழற்றிவிடுங்கள்.

மூன்று பிரதி, இரு வகைச் சாதனம், ஒன்று வேறிடத்தில். இதுவே அறிந்தோர் சொல்லும் விதி. எமது சங்கத்தில் இப்போது வேண்டியவற்றின் ஒரு பிரதி முதலாவது தட்டிலும், மற்றது இரண்டாவது தட்டிலும், மூன்றாவது யூ.எஸ்.பி. வெளிப்புறத் தட்டிலும் உள்ளன. வெளிப்புறத் தட்டு பொருளாளர் ஐயா வீட்டு அலுமாரியிலே இருக்கின்றது. மாதந்தோறும் பூரணைக்கு மறுநாள் அதைக் கொணர்ந்து புதுப்பிக்கின்றோம். பிரதி செய்வதோடு விடாமல், ஒன்றிரண்டைத் திறந்து கேட்டும் பார்க்கின்றோம். திறந்து பாராத பிரதி பிரதியன்று.

ஒரே இடத்திலே இருக்கும் செல்வம் என்னாகும் என்பதை எம் நாட்டுத் தமிழர்க்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. 1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. அவற்றுள் வேறெங்கும் பிரதி இல்லாதவை இருந்தன. அவை போனவை போனவையே. 2005 ஆம் ஆண்டிலே தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகப் பணி, ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் வருடிப் பலரும் படிக்க வைத்து வருகின்றது. அப் பெரும் பணியின் முன் எமது முயற்சி சிறு துளி. ஆயினும் எமது ஊரின் குரலை எமக்காக வேறு எவர் வந்து பதிந்து வைப்பார்?

நிறைவாக ஒரு வேண்டுகோள்

பெரியோர்களே, உங்கள் வீட்டுப் பெட்டகங்களிலே பழைய மலர்கள், திருவிழாப் படங்கள், கல்வெட்டுக்கள், கடிதங்கள் இருக்கும். அவற்றை எம்மிடம் தாருங்கள். வருடியபின் உங்கள் கையிலேயே திருப்பித் தருவோம். பாட வல்லீர்களாயின் வந்து பாடுங்கள். கதை சொல்ல வல்லீர்களாயின் வந்து சொல்லுங்கள். நாளைக்கு என்று தள்ளவேண்டாம்.

வாலிபத் தோழர்களே, நாம் பெரிய தியாகம் ஒன்றையும் கேட்கவில்லை. மாதத்தில் ஒரு மணி நேரம் கேட்கின்றோம். கணனியைத் திறந்து பார்க்கும் துணிவு, கைநூலை வாசிக்கும் பொறுமை, கணக்கிட்டு வாங்கும் சிக்கனம், பிரதி செய்யும் ஒழுங்கு என்னும் இந் நான்கும் இருந்தால் மலிவுக் கணனியும் ஒரு சரசுவதி பீடமாகும்.

அப் பெரியாரின் நான்கு பதிகங்கள் இன்று மூன்று இடங்களில் இருக்கின்றன. அவருடைய மகளாரின் கையிலும் ஒரு பிரதி கொடுத்தோம். அதனைப் பெற்றுக்கொண்ட அம்மையார், "மிச்சத்தையும் நீங்கள் யாரிடமாவது கேட்டுப் பதிய வேண்டும், தம்பிமாரே" என்றார். அப் பெரியாரிடம் பாடங் கேட்ட மாணாக்கர் இருவர் அயலூரில் இருக்கின்றனர். வரும் ஞாயிறன்று அவர்கள் இம் மண்டபத்துக்கு வருகின்றார்கள். ஒலிவாங்கி ஆயத்தம், இரண்டாவது வன்தட்டும் ஆயத்தம். நீங்களும் வந்திருந்து கேட்க வேண்டும் என்று பணிவோடு வேண்டுகின்றோம்.